ஃபுகுவோகாவில் முதல் ராமென்: புதிதாகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜப்பானின் தெற்கே, கியூஷு தீவில் இருக்கிறது ஃபுகுவோகா. படிக்கவும் வேலைக்கும் சுற்றிப் பார்க்கவும் போகிற நம்மவர்கள் அங்கே முதல் ராமென் (சூப்பில் போட்டுத் தரும் நூடுல்ஸ்) கடை வாசலில் நின்றதும் கேட்கிற கேள்விகள் இவை. டோக்கியோவிலோ சென்னை மாலிலோ ராமென் சாப்பிட்டுப் பழகியவர்களும் ஒரு முறை படித்துவிட்டுப் போகலாம். இந்த ஊர்க் கிண்ணத்துக்கு வேறு கணக்கு.

ஊர் பெயர் ஃபுகுவோகா. பிறகு ஏன் எல்லாரும் ‘ஹகாத்தா ராமென்’ என்கிறார்கள்?

நாகா ஆற்றுக்குக் கிழக்கே வியாபாரிகளின் ஊரான ஹகாத்தாவும், மேற்கே கோட்டையை ஒட்டி ஃபுகுவோகாவும் இருந்தன. 1889-இல் இரண்டையும் ஒரே நகரமாக்கினார்கள். நகரத்துக்கு ஃபுகுவோகா என்ற பெயர் நின்றது. ரயில் நிலையத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஹகாத்தா என்ற பெயர். விமான நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் இரண்டாவது நிறுத்தமே ஹகாத்தா. ஐந்து, ஆறு நிமிடம்தான். இன்னும் சில நிறுத்தம் தள்ளி, கடைவீதிகள் நிறைந்த தென்ஜின். பெரிய ஊராக இருந்தும் விமான நிலையம் இவ்வளவு பக்கத்தில் இருப்பது அபூர்வம். இறங்கிய அன்றே, பசியோடு இருக்கும்போதே, முதல் கிண்ணத்தை முடித்துவிடலாம்.

முதல் கடையாக எதைத் தேர்ந்தெடுப்பது? ‘சிறந்த பத்து கடைகள்’ பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன்.

பட்டியலை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபுகுவோகாவில் ராமென் அன்றாடச் சாப்பாடு. அலுவலகம் போகிறவர் மதியம் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவார். ராத்திரி குடித்துவிட்டு வீடு திரும்புகிறவர் கடைசியாக ஒரு கிண்ணம் சாப்பிடுவார். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, ‘இதுதான் உலகத்திலேயே சிறந்தது’ என்ற எதிர்பார்ப்போடு உட்கார்ந்தால், எந்தக் கிண்ணமும் கொஞ்சம் ஏமாற்றம்தான் தரும்.

நீங்கள் தங்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், மதிய வேளையில் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் கடை எதுவானாலும் சரி. நான் பார்ப்பது ஒன்றுதான்: கடையில் எத்தனை வகை ராமென் இருக்கிறது? குறைவாக இருந்தால் நல்லது. நாகாஹாமா பக்கம் உள்ள கான்சோ நாகாஹாமாயா 1952-இல் தொடங்கிய கடை. அங்கே கிடைப்பது ஒரே ஒரு வகை ராமென்தான். அதற்குக் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை.

மொழி பயமாக இருந்தால் இச்சிரான், இப்புடோ இரண்டுமே இந்த ஊரில் பிறந்த சங்கிலிக் கடைகள். பல மொழிகளில் உணவுப் பட்டியல் இருக்கும். சங்கிலிக் கடை என்றால் சுவை மட்டம் என்று நினைக்க வேண்டாம். உள்ளூர்க்காரர்களும் போகிறார்கள். கேனல் சிட்டி வணிக வளாகத்தின் ஐந்தாம் மாடியில் ‘ராமென் ஸ்டேடியம்’ என்று ஒரு பகுதி உண்டு. ஜப்பானின் பல ஊர்க் கடைகளை அங்கே ஒன்றாக வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வசதி. ஆனால் ஃபுகுவோகாவில் நின்றுகொண்டு முதல் நாளே வடக்கே இருக்கும் சப்போரோ ஊரின் மிசோ (சோயா விழுது) ராமென் சாப்பிட நான் சொல்ல மாட்டேன்.

இந்த ஊர் ராமெனில் அப்படி என்ன இருக்கிறது?

பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்து எடுத்த வெள்ளைச் சூப். ‘தொன்கொத்சு’ என்பார்கள். அதில் நேராக, மெல்லியதாக இருக்கும் கோதுமை நூடுல்ஸ். மேலே இரண்டு மூன்று துண்டு பன்றி இறைச்சி (சாஷூ), நறுக்கிய வெங்காயத்தாள், சில கடைகளில் மெல்லிய கீற்றுகளாகக் கறுப்புக் காளான். அவ்வளவுதான். சோளம், வெண்ணெய், மலைபோல் முட்டைக்கோஸ் எல்லாம் வேறு ஊர்ச் சமாச்சாரம். படங்களில் பார்த்த பெரிய கிண்ணத்தை எதிர்பார்த்துப் போனால், ‘இவ்வளவு சின்னதா?’ என்று தோன்றும். சின்னதாக இருப்பதற்குக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன்.

அந்தச் சூப் ஏன் பால் நிறத்தில் இருக்கிறது? பால் சேர்க்கிறார்களா?

ஒரு சொட்டுப் பால் கிடையாது. எலும்பிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் நீண்ட நேரக் கொதிப்பில் ஜெலட்டினாகக் கரைகிறது. தீயைக் குறைக்காமல் தளதளவென்று கொதிக்க விடுவதால், கொழுப்பு நுண்ணிய துளிகளாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடுகிறது. ஜெலட்டின் அதைப் பிரியவிடாமல் பிடித்து வைக்கிறது. அந்தத் துளிகளில் வெளிச்சம் பட்டுச் சிதறுவதுதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதே எலும்பைச் சிறு தீயில் வைத்திருந்தால் தெளிந்த சூப்தான் வரும்.

நம் ஊர் ஆட்டுக்கால் பாயாவை விடிய விடிய அடுப்பில் வைத்தால் உதட்டில் ஒட்டும் ஒரு பதம் வருமே, வாயில் அதுதான் முதலில் தெரியும். ஆனால் மிளகும் மல்லியும் இல்லாத பாயா. மசாலாவுக்குப் பழகிய நாக்கு முதல் வாயில் ‘உப்பும் கொழுப்பும்தானே இருக்கிறது’ என்று முகம் சுளிக்கலாம். மூன்றாவது வாய்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இந்தச் சூப்பின் பிறந்த ஊர் ஃபுகுவோகா நகரம் இல்லை, தெற்கே இருக்கும் குருமே. 1937-இல் அங்கே ‘நான்கின் சென்ரியோ’ என்ற தள்ளுவண்டிக் கடைதான் பன்றி எலும்புச் சூப்பில் ராமென் கொடுக்க ஆரம்பித்தது. அப்போது சூப் இவ்வளவு வெள்ளையாக இல்லை. 1947-இல் அதே ஊரின் ‘சான்க்யூ’ கடையில், கடைக்காரர் வெளியே போயிருந்த நேரத்தில் பானை அளவுக்கு மீறிக் கொதித்து வெளுத்துப்போனதாம். கொட்டிவிடலாம் என்று பார்த்தவர், சுவைத்துப் பார்த்துவிட்டு அதையே விற்றார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. குருமேயில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. பானையைக் காலி செய்வதே இல்லை. பழைய சூப்போடு புதுச் சூப்பைச் சேர்த்துச் சேர்த்துத் தொடர்வார்கள். சூப்பின் அடர்த்தியும் வாடையும் அதில் ஏறிக்கொண்டே போகும்.

நூடுல்ஸ் ஏன் இவ்வளவு மெல்லிசு?

இந்த ஊர் ராமெனைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி ஒன்று போதும். 1955-இல் நகரத்தின் மீன் மொத்தச் சந்தை நாகாஹாமாவுக்கு வந்தது. ஏலம் நடக்கும் நேரத்தில் இடையில் கிடைக்கும் சில நிமிடங்களில் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டிய ஆட்கள் கடைக்கு வருவார்கள். தடித்த நூடுல்ஸ் வேக நிமிடக் கணக்கில் ஆகும். மெல்லியதானால் விநாடிக் கணக்கில் வெந்துவிடும். அதனால் மெல்லியதாக்கினார்கள்.

ஆனால் மெல்லிய நூடுல்ஸ் சூடான சூப்பில் கிடந்தால் சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும். பெரிய அளவாகக் கொடுத்தால் பாதி சாப்பிடுவதற்குள் மீதி கூழ். எனவே முதலில் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு, வேண்டியவர்களுக்கு நூடுல்ஸை மட்டும் மறுபடி போட்டுத் தருவது என்று ஆயிற்று. இதுதான் கயேதாமா. மேலே சொன்ன கான்சோ நாகாஹாமாயாதான் இதைத் தொடங்கி வைத்தது என்று ஊரில் சொல்வார்கள்.

சின்னக் கிண்ணம், குறைந்த மேல்சேர்க்கை, பேச்சில்லாமல் சாப்பிடுவது, முடித்ததும் எழுந்து போவது என்று எல்லாமே அந்த அவசரத்திலிருந்து வந்தவை. அது தெரிந்துவிட்டால், கடையில் எப்படி நடந்துகொள்வது என்று தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வாசலில் ஒரு இயந்திரம் நிற்கிறது. அதில் என்ன செய்வது?

டிக்கெட் இயந்திரம். பல கடைகளில் பணம் கட்டுவது இதில்தான். முதலில் பணத்தைப் போடுங்கள், அப்புறம் பொத்தானை அழுத்துங்கள். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

எழுத்து புரியவில்லையா? இடது பக்க மேல் மூலையில் இருக்கும் பொத்தான் பெரும்பாலும் கடையின் அடிப்படை ராமென்தான். முதல் தடவைக்கு அதையே அழுத்துங்கள். சீட்டு விழும், மீதிச் சில்லறை வரும். சில இயந்திரங்களில் சில்லறை தானாக வராது. பக்கத்தில் உள்ள நெம்புகோலைத் திருப்ப வேண்டும். சீட்டைச் சாப்பிடும் மேடையில் சமையல்காரர் பக்கம் வைத்தால் போதும்.

பழைய இயந்திரங்கள் சில 1,000 யென் நோட்டையும் நாணயத்தையும் மட்டுமே விழுங்கும். 2024 ஜூலையில் ஜப்பான் புது நோட்டுகளை வெளியிட்டது. கிதாசாதோ ஷிபாசாபுரோவின் படம் போட்ட 1,000 யென் நோட்டை ஏற்காத இயந்திரம் சின்னக் கடைகளில் இன்னும் கண்ணில் படலாம். நாணயமும் இரண்டு மூன்று ஆயிரம் யென் நோட்டுகளும் கையில் இருக்கட்டும். விமான நிலையத்தில் 10,000 யென் நோட்டோடு மட்டும் வெளியே வராதீர்கள்.

சமையல்காரர் ஏதோ கேட்கிறார். எனக்குப் புரியவில்லை.

பெரும்பாலும் நூடுல்ஸ் எவ்வளவு விறைப்பாக வேண்டும் என்றுதான் கேட்பார். நன்றாகக் குழைந்து வேண்டுமென்றால் ‘யவா’, வழக்கம்போல் என்றால் ‘ஃபுட்சூ’, கொஞ்சம் விறைப்பாக ‘கத்தா’, இன்னும் விறைப்பாக ‘பரிகத்தா’. அதற்கும் மேலே, கம்பி என்று பெயர் வைத்த ‘ஹரிகானே’, மேலே ஒட்டிய மாவு உதிரும் அளவுக்கு மட்டும் வெந்நீரில் முக்கி எடுக்கும் ‘கொனாஓதோஷி’ எல்லாம் உண்டு. இந்தக் கடைசி இரண்டையும் வீரத்துக்காகக் கேட்கிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். பச்சை மாவு வாசனையைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

முதல் முறை ‘கத்தா’ என்று சொல்லுங்கள். சாப்பிடுகிற வேகம் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கிண்ணத்துக்குள்ளேயே அது வெந்துகொண்டுதான் இருக்கும்.

கயேதாமா எப்போது, எப்படிக் கேட்பது?

நூடுல்ஸ் இரண்டு வாய் மீதமிருக்கும்போதே கேளுங்கள். சூப்பைக் குடித்துத் தீர்த்துவிடக் கூடாது. புது நூடுல்ஸ் விழுவது அந்தச் சூப்பில்தான். ‘கயேதாமா, கத்தா’ என்று கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதும். விலை 100 முதல் 200 யென் வரை இருக்கும். முன்கூட்டியே இயந்திரத்தில் சீட்டு எடுத்து வைக்கலாம். இல்லையென்றால் நாணயத்தை மேடையில் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது முறை நூடுல்ஸ் விழுந்ததும் சூப் நீர்த்துப் போகும். மேசையில் சின்னக் கெண்டி ஒன்றில் ராமென் சாறு (சூப்புக்கு உப்பும் சுவையும் கூட்டும் கலவை) வைத்திருந்தால், அதில் கொஞ்சம் ஊற்றி உப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஊற்றும் முன் ஒரு கரண்டி குடித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அந்தச் சாறு கடும் உப்பு. கிண்ணம் பெரிதாக வேண்டும் என்று முதலிலேயே ‘ஓமோரி’ கேட்பது வேறு ஊர்ப் பழக்கம். இங்கே ஒரு கிண்ணமும் ஒரு கயேதாமாவும்தான் சரியான சாப்பாடு.

மேசையில் உள்ள டப்பாக்களில் என்ன இருக்கிறது?

சிவப்பு நிற இஞ்சி ஊறுகாய் (பெனி ஷோகா), வறுத்த எள், பூண்டு, மிளகுத்தூள். பிறகு, நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும் ஒன்று: காரமாக வதக்கிய கடுகுக்கீரை ஊறுகாய். ‘கராஷி தகானா’ என்று பெயர். பூண்டு பெரும்பாலும் முழுப் பல்லாகவே இருக்கும், பக்கத்தில் நசுக்கும் கருவியும் இருக்கும். கிண்ணத்துக்கு நேரே பிடித்து நசுக்க வேண்டியதுதான்.

இவை எல்லாம் இலவசம். அதனால் வந்ததும் அள்ளிப் போடும் ஆசை வரும். பொறுங்கள். முதலில் சூப்பை வெறுமனே சுவையுங்கள். பாதிக் கிண்ணத்துக்குப் பிறகு இஞ்சியும் எள்ளும். தகானாவைக் கயேதாமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. தகானாவின் காரமும் எண்ணெயும் சூப்பில் இறங்கிவிட்டால் பழைய சுவைக்குத் திரும்ப வழியில்லை. சூப்பைக் குடிக்கும் முன் தகானா போட்டால் கோபித்துக்கொள்ளும் கடைக்காரர்கள்கூட இந்த ஊரில் உண்டு.

உறிஞ்சிச் சாப்பிட வேண்டுமா? எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

சத்தம் போடுவது மரியாதைக் குறைவு இல்லை, கட்டாயமும் இல்லை. உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து போவதால் சூடு தணிகிறது, மணமும் மூக்குக்கு ஏறுகிறது. வராவிட்டால் கரண்டியில் கொஞ்சம் நூடுல்ஸைச் சுருட்டி வைத்துச் சாப்பிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். சாப்ஸ்டிக் சரியாகப் பிடிக்க வரவில்லை என்றால் ‘ஃபோக்கு’ என்று கேட்கலாம். ஒன்றே ஒன்று: சாப்ஸ்டிக்கைக் கிண்ணத்தில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது அங்கே இறந்தவருக்குச் சோறு படைக்கும் முறை.

தனியாகப் போகலாமா? பெண்கள் தனியாகப் போவது?

ராமென் கடை தனி ஆளுக்காகவே கட்டியது. மேடையை ஒட்டி வரிசையாக நாற்காலி. நான்கு பேராகப் போனால்தான் சேர்ந்து உட்கார இடம் கிடைப்பது சிரமம். இச்சிரான் இதை எல்லைக்கே கொண்டுபோய்விட்டது: ஒவ்வொரு இருக்கைக்கும் இரு பக்கமும் தடுப்புப் பலகை, முன்னால் திரை. காரம், பூண்டு, கொழுப்பு, நூடுல்ஸ் விறைப்பு எல்லாவற்றையும் தாளில் வட்டமிட்டுக் கொடுத்தால், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிண்ணம் வரும். முகம் தெரியாது, பேச்சும் வேண்டாம். மொழி தெரியாதவருக்கு வரப்பிரசாதம். ஊரோடு கொஞ்சம் பழக வேண்டும் என்று வந்தவருக்குச் சப்பென்று இருக்கும்.

பெண்களைப் பொறுத்தவரை, பழைய தொன்கொத்சு கடைகள் அழுக்கும் வாடையுமாக ஆண்களின் இடமாகவே இருந்தன. 1985-இல் தைம்யோ பகுதியில் இப்புடோவைத் திறந்த கவஹாரா ஷிகேமி, பெண்கள் தயங்காமல் வரக்கூடிய சுத்தமான கடையாக அதை வைக்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்தார். இன்று எந்தக் கடையிலும் பெண்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

மேடை மட்டும் உள்ள சின்னக் கடைகளுக்கு வேண்டாம். மேசை போட்ட கடையாகப் பாருங்கள். குட்டிக் கிண்ணமும் முள்கரண்டியும் தருவார்கள். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு போனால் நெரிசல் இருக்காது.

நான் சைவம். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: ஹகாத்தா ராமென் கடையில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. ‘நிகு நாஷி’, அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால், மேலே இருக்கும் சாஷூ துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். சூப் அதே பன்றி எலும்புச் சூப்தான். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் செய்திருக்கிறார். சோயா ராமென், மிசோ ராமென் என்று பெயர் இருந்தாலும் அடியில் கோழியோ பன்றியோ உலர்ந்த மீனோ இருக்கும். மிசோ என்பது சுவையூட்டும் விழுது, சூப் வேறு.

வழி இருப்பது, ‘வீகன் ராமென்’ என்று தனியாக எழுதிப் போட்டிருக்கும் கடைகளில் மட்டும். டோக்கியோ வழியாகப் போகிறவர்கள் டோக்கியோ ரயில் நிலையத்தின் உள்ளேயே இருக்கும் ‘டீஸ் தன்தன்’ கடையில் முழுக்கத் தாவர உணவாகவே ராமென் சாப்பிடலாம். எள்ளும் மிளகாயும் சேர்ந்த சூப். நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துப்போகும்.

மீன் சாப்பிடுவேன், இறைச்சி மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு ஃபுகுவோகாவில் வேறு நல்ல வழி இருக்கிறது: உதோன். ராமெனுக்குப் பல நூற்றாண்டு முன்பே இந்த ஊருக்கு வந்த நூடுல்ஸ் அது. 1241-இல் சீனாவிலிருந்து திரும்பிய துறவி என்னி மாவு அரைக்கும் முறையைக் கொண்டுவந்தார் என்று சொல்லி, ஹகாத்தாவின் ஜோதென்ஜி கோயிலில் உதோனுக்கும் ‘சோபா’ என்ற இன்னொரு நூடுல்ஸுக்கும் நினைவுக் கல்லே வைத்திருக்கிறார்கள். இங்கத்திய உதோன் மென்மையானது. சூப் மீனிலும் கடற்பாசியிலும் எடுத்தது. மேலே கோபோ என்ற வேரைப் பொரித்துப் போட்ட ‘கோபோதென் உதோன்’ கேளுங்கள். ‘நிகு உதோன்’ மட்டும் வேண்டாம்; அதில் பெரும்பாலும் மாட்டிறைச்சி.

மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன். ஹலால் பார்ப்பேன். இந்த இரண்டுக்கும்?

மாடு வேண்டாம் என்பவர்களுக்குத் தொன்கொத்சுவில் பெரிய சிக்கல் இல்லை, அது பன்றி. ஆனால் தொத்தோரி பக்கம் மாட்டு எலும்பில் எடுக்கும் ராமென் வழக்கம் உண்டு. அந்தப் பாணிக் கடைகள் பிற ஊர்களிலும் இருப்பதால் ‘கியூகொத்சு’ என்ற பெயரைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஹலால் பார்க்கிறவர்கள், ‘கோழி ராமென்’ என்றதும் நிம்மதியாக உட்கார வேண்டாம். சாறில் மதுவோ மிரினோ (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) இருக்கலாம். மேலே ஊற்றும் எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். எல்லா நூடுல்ஸும் ஒரே பானை வெந்நீரில் வேகும். ஹலால் சான்று தொங்கும் கடைக்கே போங்கள். டோக்கியோவில் அசாகுசாவின் நாரிதாயா அப்படிப்பட்ட கடை.

கடையை நெருங்கும்போதே ஒரு வாடை. இது சரியா?

சரிதான். எலும்பு மணிக்கணக்கில் கொதித்தால் வாடை வரத்தான் செய்யும். பழைய சூப்பைத் தொடர்கிற கடையென்றால் தெருமுனையிலேயே தெரியும். வாடை கடுமையாக இருக்கும் கடையின் சூப் வாயில் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. ஆனால் முதல் தடவையே அப்படிப்பட்ட கடைக்குள் நுழைந்து, இனி ராமெனே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களை எனக்குத் தெரியும். வாடை குறைந்த கடையில் தொடங்கிப் படிப்படியாகப் போங்கள். சட்டையிலும் முடியிலும் அது ஒட்டிக்கொள்ளும், அதனால் நேர்முகத் தேர்வுக்கு முன்னால் வேண்டாம்.

ஆற்றோரம் வரிசையாக வண்டிக் கடைகள் இருக்கின்றன. அங்கேயே முதல் ராமென் சாப்பிடலாமா?

அவற்றுக்கு யாத்தாய் என்று பெயர். நாகாஸு, தென்ஜின், நாகாஹாமா மூன்று இடங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் விரிப்பார்கள். நள்ளிரவுக்குப் பிறகு சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஜப்பானின் மற்ற நகரங்களில் இந்த வழக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஃபுகுவோகாவிலும் மறையும் நிலைதான் இருந்தது. 2013-இல் நகராட்சி தனி விதிமுறை கொண்டுவந்து, பிறகு புதியவர்களையும் விண்ணப்பம் வாங்கிச் சேர்த்ததால் தப்பித்தது.

போக வேண்டிய இடம்தான், ஆனால் முதல் ராமெனுக்கு இல்லை. ஒரு வண்டியில் எட்டு, பத்து பேர் தோளோடு தோள் உரச உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பொருளாவது வாங்க வேண்டும். முட்டை ஆம்லெட், வாட்டிய கோழி, ஒதென் (சூப்பில் வேகவைத்த முள்ளங்கி, முட்டை போன்றவை) என்று சாப்பிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசி, கடைசியில் ராமெனில் முடிப்பார்கள். ராமெனின் சுவை மட்டும் வேண்டுமானால் உள்ளே இருக்கும் கடை நல்லது, விலையும் குறைவு. பேச்சும் கூட்டமும் வேண்டுமானால் யாத்தாய். விலைப் பட்டியல் வெளியே இருக்கும். உட்காரும் முன் பாருங்கள். கழிப்பறை இருக்காது. மழை பெய்தால் பல வண்டிகள் வரவே வராது.

எவ்வளவு செலவாகும்? டிப்ஸ்?

சாதாரணக் கிண்ணம் 700 முதல் 1,000 யென். நாகாஹாமாவின் பழைய கடைகளில் இன்னும் குறையும். டிப்ஸ் கிடையாது, வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து கொடுப்பார்கள்.

சூப் முழுவதையும் குடிக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு கிண்ண ராமெனை சூப்போடு முடித்தால் உப்பு மட்டும் ஐந்து, ஆறு கிராமைத் தாண்டிவிடும். உலகச் சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, சூப்பில் நாலைந்து கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதம் வைத்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வெளியே வந்ததும் தாகம் எடுக்கும், தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும்?

கிண்ணத்தை மேடையின் உயர்ந்த பகுதியில் எடுத்து வையுங்கள். முன்னால் சிந்தியதை ஒரு துடை. ‘கொச்சிசோஸமா’ (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். வாசலில் வரிசை நிற்கும்போது உட்கார்ந்து கைபேசி பார்ப்பதுதான் அங்கே உண்மையான மரியாதைக் குறைவு.

எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதானா?

எது பிடிக்கவில்லை என்று பாருங்கள். உப்பு அதிகம் என்றால் நாகாஹாமா பாணியில் சூப் கொஞ்சம் இளசாக இருக்கும் கடையைத் தேடுங்கள். சூப் போதவில்லை, இன்னும் கெட்டியாக வேண்டும் என்றால் குருமேவுக்குப் போங்கள். தென்ஜினிலிருந்து நிஷிதெட்சு விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். தொன்கொத்சுவே ஒத்துவரவில்லை என்றால் சப்போரோவின் மிசோ ராமெனோ ஹகோதாத்தேயின் தெளிந்த உப்புச் சூப்போ பிடிக்கலாம். ஆனால் அங்கே போய்க் கயேதாமா கேட்காதீர்கள். சப்போரோவின் தடித்த சுருள் நூடுல்ஸ் அளவாகவே வரும்; இரண்டாவது முறை போடும் வழக்கம் அங்கே கிடையாது.

ஊருக்குத் திரும்பும் நாளில் விமான நிலையத்திலேயே ஒரு கிண்ணம் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். உள்நாட்டு முனையத்தின் மூன்றாம் மாடியில் ‘ராமென் ரன்வே’ என்று ராமென் கடைகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். சுரங்க ரயிலும் அந்த முனையத்துக்கே வந்து நிற்கும். ஆனால் வெளிநாட்டு விமானங்கள் கிளம்புவது ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறு முனையத்திலிருந்து. இலவசப் பேருந்து இருக்கிறது. அதற்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு, மீதி இருந்தால் மட்டும் கயேதாமா சொல்லுங்கள்.